மட்டையின் நடுவில் பந்து: மட்டக்களப்பு, அம்பாறையில் கோல்ப் தொடங்குவோருக்கு

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கோல்ப் பழக வருகிறவர்களில் பலர் கிரிக்கெட் மட்டையையோ எல்லேத் தடியையோ வருடக்கணக்காகப் பிடித்த கையோடுதான் வருகிறார்கள். தோளில் பலம் இருக்கிறது. பந்தைப் பார்க்கக் கண் பழகியிருக்கிறது. அப்படியிருந்தும் முதல் நாளில் பந்து தரையில் உருளும், இல்லாவிட்டால் மட்டை மண்ணைக் கிளறிவிட்டு நிற்கும். உடனே இன்னும் பலமாக அடிக்கத் தோன்றும். பிழை அங்கேதான் வேர் பிடிக்கிறது. மட்டைமுகத்தின் நடுவில் பந்து படுகிறதா, உடலின் வேகம் மட்டைத்தலைக்கு வந்து சேரும் கணத்தில் படுகிறதா என்ற இரண்டும் சரியாகும்வரை பலத்தைக் கூட்டிப் பயனில்லை.

சின்னக் கணக்கு ஒன்றைப் பாருங்கள். 7ஆம் இலக்க அயன் (இரும்புத்தலை) மட்டையால் நடுவில் சரியாக அடித்தால், பந்தின் வேகம் மட்டைத்தலையின் வேகத்தைப்போல் ஏறக்குறைய 1.33 மடங்கு இருக்கும். மட்டைத்தலை மணிக்கு 115 கிலோமீற்றரில் வந்தால் பந்து 153இல் போகும். பந்து மட்டைமுகத்தின் நுனியில், அதாவது தண்டுக்கு எதிர்ப்பக்க ஓரத்தில், பட்டு அந்த மடங்கு 1.2ஆக விழுந்துவிட்டது என்று வையுங்கள். அதே 153ஐ எடுக்க மட்டைத்தலை 127 கிலோமீற்றருக்கு மேல் வரவேண்டும். புதிதாகப் பழகுபவர் அந்த 12 கிலோமீற்றரைக் கைப்பலத்தால் தேடப் போனால் வீச்சு குலைந்து, அடி இன்னும் நடுவை விட்டு விலகும். நடுவில் அடிக்கப் பழகினால் அதே தூரம் செலவில்லாமல் கிடைக்கிறது.

மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு செக்கனின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். அதற்குள் மட்டைத்தலை ஒன்றரைச் சென்ரிமீற்றர் தூரம் நகர்ந்து முடிந்துவிடும். "பட்ட பிறகு கையைத் திருப்பிச் சரிசெய்யலாம்" என்ற எண்ணத்துக்கு அங்கே இடமில்லை. பந்து விட்டுப் போன பிறகுதான் பட்ட செய்தியே கைக்கு வருகிறது. ஆகவே எல்லாத் திருத்தமும் படுவதற்கு முன்பே நடந்தாக வேண்டும்.

கையில் இருக்கவேண்டியவை

முழுப் பை வாங்க அவசரப்படாதீர்கள். விதிப்படி ஒருவர் 14 மட்டைவரை கொண்டு போகலாம், ஆனால் முதல் மூன்று மாதத்துக்கு ஒரே ஒரு 7ஆம் இலக்க அயன் போதும். அதன் முகச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 34 பாகை. பந்து இலகுவாக எழும், பிழை நடந்தால் அதையும் மறைக்காமல் காட்டும். மிக நீளமான மட்டையான ட்ரைவரில் தொடங்குபவர்கள் நீளமான தண்டைச் சமாளிப்பதிலேயே மாதங்களைத் தொலைக்கிறார்கள்.

பாவித்த மட்டை வாங்கினால் மூன்று இடத்தைப் பாருங்கள். கைப்பிடி ரப்பர் பளபளத்து இறுகியிருந்தால் வியர்வையில் வழுக்கும். சவர்க்காரமும் பழைய பல்துலக்கியும் கொண்டு தேய்த்துக் கழுவிப் பாருங்கள், அப்படியும் ஒட்டாவிட்டால் மாற்ற வேண்டும். அடுத்தது, தண்டு தலைக்குள் நுழையும் கழுத்து. தலையைப் பிடித்துத் தண்டை முறுக்கும்போது துளி அசைந்தாலும் வாங்காதீர்கள், வீச்சின் நடுவில் தலை கழன்று பறக்கும். மூன்றாவது நீளம். சாதாரண உயரமுள்ள ஆணுக்கு இரும்புத் தண்டுள்ள 7ஆம் இலக்க அயன் 37 அங்குலத்துக்குக் கிட்ட இருக்கும்.

இதோடு ஓட்டை போட்ட பிளாஸ்ரிக் பந்து ஒரு டசன், ஒரு துவாய், வெண்கட்டி, போன் இருந்தால் தொடங்கலாம். உண்மையான கோல்ப் பந்து 45.93 கிராமுக்கு மேற்படாது, குறுக்களவு 42.67 மில்லிமீற்றருக்குக் குறையாது. சின்னதாகத் தெரிந்தாலும் தலையில் பட்டால் உயிராபத்து. ஊர் மைதானத்திலோ கடற்கரையிலோ அதை அடிக்கவே கூடாது. தொடக்கக்காரர் அடித்தாலும் நன்றாகப் பட்டுவிட்டால் 100 மீற்றரைத் தாண்டும், எந்தப் பக்கம் தாண்டும் என்று அடித்தவருக்கே தெரியாது.

பிடியும் நிலையும்

கீழே சொல்வதெல்லாம் வலக்கை ஆட்டக்காரருக்கு. இடக்கையர் பக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

இடது கையால் மட்டையை உள்ளங்கையில் பொத்திப் பிடிக்காமல் விரல்களின் அடிப்பகுதியில் சாய்வாகக் கிடத்திப் பிடியுங்கள். மேலிருந்து பார்த்தால் இடது கையின் இரண்டு விரல்மொழி தெரிய வேண்டும். வலது கை அதற்குக் கீழே வந்து இடது பெருவிரலை மூடும். சின்னவிரலைக் கோப்பதா, மேலே வைப்பதா, பத்து விரலும் மட்டையில் படுவதா என்பதில் இப்போதைக்கு மினக்கெட வேண்டாம், எது வசதியோ அதுவே போதும். எவ்வளவு இறுக்கம் என்று கேட்டால், சின்னப் பிள்ளையின் கையைப் பிடித்து வீதியைக் கடக்கும் அளவு. பிள்ளை நழுவக் கூடாது, பிள்ளைக்கு நோகவும் கூடாது. கிரிக்கெட் ஆடியவர்கள் பந்து நெருங்கும்போது கீழ்க்கையை இறுக்குவார்கள். இங்கே அப்படி இறுக்கினால் மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும், மட்டைத்தலை பின்தங்கும்.

கால்களைத் தோளகலத்துக்கு வையுங்கள். இடுப்பில் மடிந்து முன்னே சாயுங்கள், முதுகைக் கூனவேண்டாம். கைகள் தோளிலிருந்து தானாகத் தொங்கட்டும். பிடியின் நுனிக்கும் தொடைக்கும் இடையில் ஒரு பொத்திய கை நுழைய வேண்டும். பந்து கால்களின் நடுவிலிருந்து ஒரு பந்தளவு இடப்பக்கம். பாரம் இரண்டு காலிலும் சமமாக, பாதத்தின் நடுவில். பாரம் விரல்நுனிக்குப் போனால் அடிக்கும்போது உடல் பந்தை நோக்கிச் சரியும், பந்து மட்டையின் குதியில், அதாவது தண்டை ஒட்டிய பக்கத்தில், படும்.

மணலில் ஒரு கோடு

கிழக்குக் கரையில் பழகுபவர்களுக்கு வேறெங்கும் காசு கொடுத்தாலும் கிடைக்காத வசதி ஒன்று உண்டு: ஈர மணல். கல்லடியிலோ, கல்முனையிலோ, திருக்கோவிலிலோ, பொத்துவிலிலோ ஆளில்லாத விடியற்காலைக் கரை போதும். பந்தே தேவையில்லை.

இடத்தைச் சரியாகத் தெரிவு செய்யுங்கள். உலர்ந்த மணலில் மட்டை புதையும், தடமும் நிற்காது. அலை நனைத்துக்கொண்டே இருக்கும் இடத்தில் தடம் அழிந்துவிடும். அலை ஏறி இறங்கிப் போன, நடந்தால் காலடி அரைவிரலுக்கு மேல் புதையாத பட்டைதான் வேண்டும். கரைவலை இழுக்கும் நேரத்தில் அந்தப் பக்கமே போகாதீர்கள். கயிறு எங்கே நகரும், ஆட்கள் எங்கே வந்து நிற்பார்கள் என்று சொல்ல முடியாது.

மட்டையின் பிடி நுனியால் மணலில் இரண்டு மீற்றர் நீளத்துக்கு நேர்க்கோடு கீறுங்கள். நீங்கள் நினைத்த இலக்கு உங்கள் இடப்பக்கம். கோடு இலக்குக்குக் குறுக்கே, உங்கள் கால்களுக்கு நடுவிலிருந்து முன்னோக்கிப் போக வேண்டும். பந்து இருந்தால் எங்கே இருக்குமோ அந்த இடத்தைக் கோடு கடக்கும்படி நில்லுங்கள். கை இடுப்புயரம் வரை மட்டும் போகும் அரைவீச்சாக ஒன்று வீசுங்கள். ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும் கோட்டோடு ஒரு சாண் பின்னால் நகர்ந்து, பத்து வீச்சு முடியுங்கள். பிறகு குந்தி இருந்து பத்துத் தடத்தையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

நல்ல தடம் கோட்டிலேயே, அல்லது கோட்டுக்கு ஒரு விரல் இடப்பக்கம் தொடங்கும். ஒரு கை நீளம் இருக்கும். ஆழம் விரல்நகம் மறையும் அளவு. அதன் மிக ஆழமான இடம் கோட்டைத் தாண்டி நாலு விரலுக்கு மேல் போயிருக்கும். வீச்சு ஒரு வளைவு. அந்த வளைவின் அடி பந்துக்கு இலக்குப் பக்கமாக இருந்தால், மட்டை முதலில் பந்தைச் சந்தித்துப் பிறகுதான் மண்ணைத் தொடும். அயன் மட்டையில் பந்தைத் தூக்கிவிட முயலக் கூடாது. முகத்தின் சரிவு அந்த வேலையைச் செய்யும். உங்கள் வேலை மட்டையை இறங்குமுகமாகக் கொண்டுவந்து சேர்ப்பது மட்டும்.

பழகத் தொடங்கியவரின் பத்துத் தடத்தில் பல, கோட்டுக்கு வலப்பக்கம் நாலு விரல் பின்னாலேயே தொடங்கியிருக்கும். காரணம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: பாரம் வலது காலிலேயே தங்கிவிட்டது. வீச்சு முடிந்ததும் அசையாமல் நின்று வலது காலைத் தூக்கிப் பாருங்கள். தள்ளாடாமல் தூக்க முடிந்தால் பாரம் வந்துவிட்டது. அடி படும் கணத்தில் பாரத்தின் முக்கால் பங்காவது இடது காலில் இருக்கவேண்டும், முடிவில் இடுப்புப்பட்டியின் கொளுவி இலக்கைப் பார்க்க வேண்டும்.

இங்கே பலரும் குழம்பும் விடயம் ஒன்று. பந்துக்குப் பின்னால் மண்ணை வெட்டுவதும், பந்தின் உச்சந்தலையில் தட்டி உருட்டுவதும் எதிரெதிர்ப் பிழைகள்போலத் தெரியும். இரண்டுக்கும் தாய் ஒன்றுதான். வளைவின் அடி பந்துக்குப் பின்னால் போய்விட்டது. மட்டை தாழ வந்தால் மண்ணை வெட்டும். உடல் பயந்து எழும்பிவிட்டால், அடியைத் தாண்டி மேலேறிக்கொண்டிருக்கும் மட்டை பந்தின் தலையில் தட்டும். "தலையைத் தூக்காதே" என்ற புத்திமதி இதற்கு மருந்தல்ல. தலையை இறுக்கி வைத்தால் பாரம் இடது பக்கம் போக வழியில்லாமல், பிழை இன்னும் கூடும்.

தடம் வேறு செய்தியும் சொல்லும். அதன் நீளப்போக்கு இலக்கின் இடப்பக்கம் பார்த்தால், மட்டை வெளியிலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டு வருகிறது. மண்வெட்டி பிடித்த கைக்கும் எல்லே ஆடிய கைக்கும் இது இயல்பாக வரும். குதிப்பக்கம் ஆழமாகவும் நுனிப்பக்கம் மேலோட்டமாகவும் இருந்தால் கைகள் தாழ்ந்து வருகின்றன. மாறி இருந்தால் கைகள் உயர்ந்து வருகின்றன, அல்லது மட்டை உங்கள் உடம்புக்குப் பொருந்தவில்லை.

பத்தில் ஏழு தடம் கோட்டிலோ அதைத் தாண்டியோ தொடங்கும்வரை அரைவீச்சை விட்டு மேலே போகவேண்டாம். அது ஒரு வாரமும் எடுக்கலாம், ஒரு மாதமும் எடுக்கலாம். புல்வெளியில் பழகுபவர்கள் துவாயை நீளமாக மடித்துப் பந்துக்கு ஒரு சாண் பின்னால் போட்டு, அதைத் தொடாமல் பந்தை அடித்துப் பழகினால் அதே பாடம்தான். அறுவடை முடிந்த வயல் வெட்டையாகக் கிடக்கிறதே என்று அங்கே போகாதீர்கள். ஒட்டுத்தாள் மட்டைக் கழுத்தில் சுற்றி மணிக்கட்டை முறித்துவிடும், காய்ந்த வயல்மண் கல்லைப்போல் திருப்பி அடிக்கும்.

கரையிலிருந்து வந்ததும் மட்டையை நன்னீரில் கழுவி, துடைத்து, தண்டு தலைக்குள் நுழையும் இடத்தில் எண்ணெய் தொட்ட துணியால் ஒருமுறை தடவுங்கள். உப்பு அங்கேதான் முதலில் அரிக்கும். எண்ணெய் கைப்பிடியில் படக் கூடாது. மணல் முகத்தைக் கீறும் என்பதால் இந்தப் பயிற்சிக்கென்றே ஒரு பழைய மட்டையை ஒதுக்கி வைப்பது நல்லது.

நடுவில் பட்டதா?

கையில் வந்த அதிர்வை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். முகத்தில் விழுந்த அடையாளத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். வெண்கட்டியைத் துளி தண்ணீரில் குழைத்து, மட்டைமுகத்தில் விரலால் மெல்லிதாகப் பூசி உலரவிடுங்கள். பந்தை அடித்ததும் அந்த வெள்ளையில் வட்டமாக ஒரு தடம் விழும். ஐந்து அடிக்கு ஒருமுறை துடைத்துப் புதிதாகப் பூசுங்கள். பயிற்சிக்கு மட்டும்தான் இது. ஆட்டத்தின்போது அடியின் தன்மையை மாற்றும்படி மட்டைமுகத்தில் எதையும் பூச விதி இடம் தராது.

அயன் மட்டையில் வட்டம் விழவேண்டிய இடம், பக்கவாட்டில் முகத்தின் நடு, உயரத்தில் முகத்தில் வெட்டியுள்ள கோடுகளில் கீழிருந்து மூன்றாம் நாலாம் கோட்டருகே. ஐந்து வட்டமும் ஒரே இடத்தில் குவிந்திருக்கின்றனவா என்பதை முதலில் பாருங்கள். நுனிப்பக்கமாகக் குவிந்திருந்தாலும் பரவாயில்லை, அதற்குக் காரணம் ஒன்றுதான் இருக்கும், திருத்துவது சுலபம். முகமெங்கும் சிதறினால் வீச்சே ஒவ்வொரு முறையும் மாறுகிறது என்று பொருள். அப்போது நிற்கும் தூரத்தை மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை, அரைவீச்சுக்குத் திரும்புங்கள்.

குதிப்பக்கம் குவிந்தால்: பந்துக்கு மிக அருகில் நிற்கிறீர்கள், அல்லது இறங்கும்போது இடுப்பு பந்தை நோக்கித் தள்ளுகிறது. பின்புறம் ஒரு சுவரையோ கதிரையையோ தொட்டபடி நின்று வீசுங்கள். பின்வீச்சில் வலது பின்புறமும், இறக்கத்தில் இடது பின்புறமும் அதைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். குதியையும் தாண்டிக் கழுத்தில் பட்டால் பந்து சடாரென்று இலக்குக்கு வலப்பக்கம் பறக்கும். பக்கத்தில் நிற்பவருக்கு அதைவிட ஆபத்தான அடி இல்லை. அதனால்தான் அடிப்பவரின் முன்னாலோ இலக்குக்கு வலப்பக்கத்திலோ ஒருவரும் நிற்கக் கூடாது.

நுனிப்பக்கம் குவிந்தால்: தூரத்தில் நிற்கிறீர்கள், அல்லது அடி படும்போது இடது முழங்கையை மடித்துக் கையை உள்ளே இழுக்கிறீர்கள். இடது கக்கத்தில் துவாயின் நுனியைச் சொருகி, அது விழாமல் அரைவீச்சு வீசிப் பழகுங்கள்.

இரண்டுக்கும் பொதுவான வேலி ஒன்று உண்டு. பந்தின் இரு பக்கத்திலும் ஒவ்வொரு ரீயை (பந்தை ஏற்றி வைக்கும் சின்னக் குச்சி) குத்துங்கள். இரண்டுக்கும் இடைவெளி மட்டைத்தலையின் அகலத்தோடு இரு பக்கமும் ஒரு விரல். அந்த வாசலுக்குள்ளால் தலை போய்வர வேண்டும். பத்துக்கு எட்டு முறை ரீ அசையாமல் போனால் இடைவெளியை அரைவிரலாகக் குறையுங்கள்.

நேரம்

வாவியில் வீச்சுவலை எறிபவரைக் கவனித்துப் பாருங்கள். கால் ஊன்றும், இடுப்பு திரும்பும், தோள் அதைத் தொடரும், கை கடைசியாகத்தான் போகும். கை முந்தினால் வலை விரியாது, பொத்தென்று கட்டியாக விழும். கோல்ப் வீச்சின் இறக்கமும் இதே வரிசைதான்: இடது கால், இடுப்பு, மார்பு, கை, மட்டைத்தலை. ஒவ்வொன்றும் தன் உச்ச வேகத்தை எட்டிக் குறையத் தொடங்கும்போது அந்த வேகம் அடுத்ததற்குக் கைமாறுகிறது. மட்டைத்தலை கடைசியாக, எல்லாவற்றிலும் வேகமாக வந்து பந்தைத் தொடுகிறது. தோளும் கையும் முதலில் பாய்ந்தால் மட்டைத்தலை தன் வேகத்தைப் பந்துக்கு ஒரு முழம் பின்னாலேயே செலவழித்து விடும். பந்தில் படும்போது மிச்சம்தான் கிடைக்கும். பலசாலிகள் குறைந்த தூரம் அடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இந்த வரிசையை எண்ணிக்கொண்டு வீச முடியாது, இறக்கத்துக்கு அரைச் செக்கன்கூட இல்லை. உடம்புக்குத்தான் பழக்க வேண்டும். இப்படிச் செய்யுங்கள்: இரண்டு காலையும் சேர்த்து நில்லுங்கள். மட்டையைப் பின்னால் கொண்டுபோங்கள். மட்டை இன்னும் பின்னால் போய்க்கொண்டிருக்கும்போதே இடது காலை இலக்குப் பக்கம் ஒரு அடி எடுத்து வையுங்கள். கால் மண்ணில் பதிந்த பிறகுதான் மட்டை இறங்க வேண்டும். முதலில் தும்புத்தடியைத் தலைகீழாகப் பிடித்து இதைச் செய்து பாருங்கள். "விஷ்" என்ற காற்றுச்சத்தம் பந்து இருக்கும் இடத்தைத் தாண்டி, இடது காலுக்கு முன்னால் கேட்க வேண்டும். வலது தோளருகிலேயே கேட்டால் கை முந்திவிட்டது.

அடுத்தது தாளம். நல்ல ஆட்டக்காரர்களின் வீச்சைப் படம்பிடித்து அளந்தால், மட்டை பின்னால் போக மூன்று பங்கு நேரமும், உச்சியிலிருந்து பந்துக்கு வர ஒரு பங்கு நேரமும் என்ற விகிதத்துக்குக் கிட்ட நிற்கும். ஆறுதலாக வீசுபவருக்கும் விரைவாக வீசுபவருக்கும் மொத்த நேரம் மாறும், விகிதம் பெரிதாக மாறாது. மட்டக்களப்புக் கூத்தின் மத்தளம் கேட்டு வளர்ந்த காதுக்கு இதைப் பிடிப்பது கடினமல்ல. "த-க-தி-மி" என்று சம இடைவெளியில் சொல்லுங்கள். முதல் "த"வில் மட்டை பந்தை விட்டுக் கிளம்பட்டும். "க", "தி" இரண்டிலும் ஏறிக்கொண்டே போகட்டும். "மி"யில் உச்சி. அடுத்த சுற்றின் "த" விழும் கணத்தில் மட்டை பந்தில் படவேண்டும். ஏற்றத்துக்கு மூன்று இடைவெளி, இறக்கத்துக்கு ஒன்று.

தொடக்கத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் 0.3 செக்கன் வையுங்கள். போனில் தாளச் செயலி இருந்தால் நிமிடத்துக்கு 200 தட்டு. பின்வீச்சு 0.9 செக்கன், இறக்கம் 0.3 செக்கன், மொத்தம் 1.2 செக்கன். கேட்கும்போது மிக வேகமாகத் தெரியும். ஆறுதலாக வீசவேண்டும் என்று பின்வீச்சை இழுத்து இழுத்து எடுப்பவர்களே உச்சியில் பொறுமை இழந்து கையால் பாய்கிறார்கள். குறுகிய அடிக்கும், குழியருகே உருட்டும் அடிக்கும் தாளத்தைச் சுருக்கலாம்: "த-கி-ட", அடுத்த "த"வில் அடி. அது இரண்டுக்கு ஒன்று.

சரிபார்க்க, போனை இடுப்புயரத்தில், உங்கள் முகத்துக்கு நேரே மூன்று மீற்றர் தள்ளி வைத்துச் சாதாரணக் காணொளி எடுங்கள். பெரும்பாலான போன்கள் செக்கனுக்கு 30 படம் எடுக்கும். மட்டை அசையத் தொடங்கிய படத்திலிருந்து உச்சிவரை எண்ணுங்கள், உச்சியிலிருந்து பந்தைத் தொடும் படம்வரை எண்ணுங்கள். 27க்கு 9 வந்தால் மேலே சொன்ன தாளம் அப்படியே இருக்கிறது. 24க்கு 8உம் நல்லதே. 40க்கு 9 வந்தால் பின்வீச்சு தூங்குகிறது. 20க்கு 10 என்றால் இறக்கத்தில் எங்கோ தடக்குகிறது, பெரும்பாலும் பயத்தால் பந்துக்கு முன்னால் வேகத்தைக் குறைக்கிறீர்கள்.

வலையும் உண்மைப் பந்தும்

மணல் தடமும் வெண்கட்டி வட்டமும் ஒரு இடத்தில் குவியத் தொடங்கிய பிறகு, வளவுக்குள் வலை கட்டி உண்மைப் பந்தை அடிக்கலாம். நம் ஊரில் பழைய மீன்வலைக்குப் பஞ்சமில்லை, ஆனால் எல்லா வலையும் உதவாது. தங்கூசி வலையைப் பந்து கிழித்துக்கொண்டு போகும். கண்ணின் அகலம் இரண்டரைச் சென்ரிமீற்றருக்குள் இருக்கும் தடித்த நூல் வலை வேண்டும். கரைவலையின் மடிப்பகுதி பொருத்தம். வெயிலில் கிடந்த நூல் உக்கியிருக்கும். பல இடங்களில் இரு கையாலும் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள், ஒரு இடத்தில் அறுந்தாலும் வேண்டாம்.

மூன்று மீற்றர் உயரம், மூன்று மீற்றர் அகலத்துக்குக் குறையாமல் கட்டுங்கள். இழுத்து விறைப்பாகக் கட்டினால் பந்து உங்கள் முகத்துக்கே திரும்பி வரும். தொங்கலாக, அடிப்பகுதி நிலத்தில் ஒரு முழம் கிடக்கும்படி விடுங்கள். ஒரு மீற்றர் பின்னால் இரண்டாவது அடுக்கு ஒன்று கட்டாயம். நீங்கள் வலையிலிருந்து மூன்று மீற்றர் தள்ளி நில்லுங்கள். வலைக்குப் பின்னால் வீட்டு யன்னலோ வீதியோ இருக்கக் கூடாது.

ஒரு தடவைக்கு 40 பந்து போதும். பத்து அரைவீச்சு, இருபது முக்கால்வீச்சு, கடைசிப் பத்து முழுவீச்சு. ஒவ்வொரு பந்துக்கும் பின்னால் வந்து நின்று, தாளத்தை ஒருமுறை வாயால் சொல்லி, பிறகு அடியுங்கள். வரிசையாகப் பந்தைக் கொட்டி அடித்துத் தள்ளினால் களைப்பில் உடம்பு பழைய பிழையைத்தான் பழகும். வெயில் ஏறுமுன், காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். கையுறை நனைந்தால் கழற்றிக் காயவிடுங்கள்.

திடலுக்குப் போகும்போது

மட்டக்களப்பிலிருந்து A15 வீதியால் வடக்கே போனால் திருகோணமலைச் சீனக்குடாவில் விமானப்படையின் கோல்ப் திடல் இருக்கிறது. மேற்கே போவதானால் மகா ஓயா, பதியத்தலாவ, மகியங்கனை வழியாகத் திகணை விக்டோரியாத் திடல். எங்கே போனாலும் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டு, வெளியாருக்கு அனுமதியா, உடை, சப்பாத்து விதி என்ன, பயிற்சித் தளம் திறந்திருக்குமா என்று தெரிந்துகொண்டு, அடையாள அட்டையோடு போங்கள். 1889இல் தொடங்கிய நுவரெலியாத் திடலில் ஆடக் கிடைத்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: 1,800 மீற்றருக்கு மேலுள்ள அந்த உயரத்தில் காற்று ஐதானது, பந்து கரையோரத்தைவிடக் கூடுதல் தூரம் போகும். அங்கே அளந்த தூரத்தைச் சீனக்குடாவில் எதிர்பார்க்காதீர்கள்.

கரையோரத்தில் காற்றுத்தான் கணக்கைக் குழப்பும். கச்சான் அடிக்கும் மாதங்களில் எதிர்க்காற்றுக்கு அடிக்க நேர்ந்தால், பலமாக அடிக்கவே கூடாது. பலமாக அடித்தால் பந்தின் பின்சுழற்சி கூடும். சுழற்சி கூடினால் பந்து மேலே ஏறி, காற்றில் நின்று, தொப்பென்று விழும். 7க்குப் பதிலாக 5ஆம் அல்லது 6ஆம் இலக்க மட்டையை எடுத்து, பிடியில் இரண்டு விரல் கீழே இறங்கிப் பிடித்து, பந்தை ஒரு பந்தளவு வலப்பக்கம் வைத்து, முக்கால்வீச்சு வீசுங்கள். தாளத்தை மட்டும் மாற்றாதீர்கள். "தகதிமி" அதே வேகத்தில் போகட்டும், வீச்சின் நீளம் மாத்திரம் குறையட்டும்.

முதல் நாளில் பயிற்சித் தளத்தில் 30 பந்து அடித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கொப்பியில் மூன்று குறி போடுங்கள்: தடம் பந்துக்கு முன்னாலா பின்னாலா, வட்டம் முகத்தில் எங்கே, தாளம் பிசகியதா. தூரத்தை எழுத வேண்டாம். அடுத்த வாரக் கடற்கரைப் பயிற்சியில் எந்தப் பிழையிலிருந்து தொடங்குவது என்பதை அந்த மூன்று நிரலில் எதில் பிழைக்குறி கூடுதலோ அது சொல்லும்.